நைதேனாவை இரண்டு தடவை கண்டெடுத்தவர்

க்ருஷோவ்காவிலிருந்து நகரத்துக்கு இறங்கும் காலை ஆறு மணிப் பேருந்தில் கண்டக்டர் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அவளுடைய தோல்பையின் வாரில் ஒரு சின்ன ஆட்டுக்குட்டி மணி கட்டியிருக்கும். அது கிணுகிணுத்ததும் வாசலில் நிற்பவர்கள் உள்ளே நகர்வார்கள். டிக்கெட் எடுக்காதவர்கள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

"நீங்க கண்ணை மூடினா நான் காணாமப் போயிடுவேனா? என்னைத் தொலைக்க முடியாது மாமா. என்னை ஏற்கெனவே கண்டெடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே நைதேனா டிக்கெட்டைக் கிழித்து அவர்கள் சட்டைப் பையில் சொருகுவாள்.

நைதேனா என்றால் கண்டெடுக்கப்பட்டவள் என்று பொருள். பல்கேரிய மலையூர்களில் அந்தப் பெயரைச் சொன்னால் எதிராளி அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: உன்னை யார் கண்டெடுத்தது? அதற்கு அவளிடம் ஒரு கதை இருந்தது. பேருந்து ஊரை விட்டுக் கிளம்பி ஆலைப் பாலத்தைத் தொடுவதற்குள் முடிகிற அளவில், எங்கே சிரிப்பு வரும், எங்கே நிறுத்தி இன்னொரு டிக்கெட் கிழிக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போன கதை. ஆனால் அதில் பாதிதான் தனக்குத் தெரியும் என்பது இருபத்து மூன்று வயதுவரை அவளுக்கே தெரியாது.

தெரிந்த பாதி இது.

அவளுக்கு முன்னால் பெனாவுக்கும் மாரினுக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. முதல் பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர். இரண்டாவதற்கு ஒரு புனிதரின் பெயர். மூன்றாவதற்கு ஷிவ்கா, உயிரோடிருப்பவள் என்று பெயர் வைத்தார்கள். ஷிவ்கா நாற்பது நாள் இருந்தாள். நான்காவதாக ஒரு பெண் பிறந்தபோது மாரினின் அக்கா கெர்கினா வந்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, இந்த வீட்டுப் பெயர் எதுவும் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை, இனிமேல் பெயரை ரோட்டிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

ரோட்டிலிருந்து வாங்குவது அங்கே பழைய வழக்கம். விடிகிற நேரத்தில் பிள்ளையை நாற்சந்தியில் வைத்துவிட வேண்டும். அந்த வழியாக முதலில் வருகிறவர், அவர் யாராக இருந்தாலும், பிள்ளையை எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். சொன்ன நிமிஷத்திலிருந்து அவர்தான் ஞானத்தகப்பன். பிள்ளை அவர் கண்டெடுத்தது. பழைய வீட்டைப் பிடித்த கெட்ட காலத்துக்கு அதன்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. பெற்றவர்கள் அவரிடமிருந்து இரவல் வாங்குகிற மாதிரி வாங்கி வளர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: அவர் வாயிலிருந்து பெயர் வரும்வரை வீட்டார் தலைகாட்டக்கூடாது, ஒரு சொல் பேசக்கூடாது. எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கெர்கினா விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம், மே மாதம். ரொட்டி மாவு பிசைகிற மரத்தொட்டியில் பிள்ளையைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு ரொட்டியையும் வைத்து, நாற்சந்தியின் நடுவில் விட்டுவிட்டு, பெனாவும் கெர்கினாவும் முட்புதருக்குள் புகுந்துகொண்டார்கள். பால் வண்டிக்காரர் வருவார் என்று கெர்கினா கணக்குப் போட்டிருந்தாள். அவருக்கு ஏழு பிள்ளைகள், ராசியான கை. வந்ததோ பக்கவண்டி வைத்த ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் ஜில்லாவுக்குப் புதிதாக வந்திருந்த மாட்டு டாக்டர் குஸ்மான். நகரத்து ஆள், முப்பது வயது இருக்கும். க்ருஷோவ்கா ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வந்துகொண்டிருந்தார்.

வண்டியை அணைக்காமலே இறங்கினார். நாலு பக்கமும் பார்த்தார். பிள்ளையைத் தூக்கினார். புதருக்குள் இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். குஸ்மான் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு பக்கவண்டியிலிருந்த மருந்துப் பெட்டியை எடுத்துத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் தொட்டியை இறக்கி, தன் கோட்டால் போர்த்தி, வண்டியைத் திருப்பி, வந்த வழியே நகரத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

பெனா எழுந்தாள். கெர்கினா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இன்னும் பேரு சொல்லலைடி. வாயத் திறந்தே, காரியம் கெட்டுப்போயிடும்."

காரியம் ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது என்று கெர்கினாவுக்கு உறைப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஆலை வளைவில் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினார்கள். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. வைக்கோல் வண்டி ஒன்றைப் பிடித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. போலீஸ் நிலையத்தில் குஸ்மான் பெஞ்சில் உட்கார்ந்து, தாயில்லாத ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டுகிற புட்டியால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் மை காய்ந்துவிட்டிருந்தது: பெயர் நைதேனா, கண்டெடுத்தவர் கால்நடை மருத்துவர் குஸ்மான், பெற்றோர் தெரியவில்லை.

கெர்கினா மூச்சிரைக்க உள்ளே வந்து, பிள்ளை பிழைத்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "பேரு வச்சாச்சா?" என்றாள். வைத்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் நாற்காலியில் விழுந்து அழ ஆரம்பித்தாள். முழுக் கதையும் கேட்ட ஏட்டையா சிரித்த சிரிப்பில் அவருடைய பெல்ட் கொக்கி கழன்றது. 'பெற்றோர் தெரியவில்லை' என்ற வரியை அடித்துத் திருத்த மட்டும் மூன்று வாரம் அலைந்தார்கள்.

இதுதான் பேருந்துக் கதை. இந்த இடத்தில் பாலம் வந்துவிடும்.

பிள்ளை தங்கியது. நாற்பதாம் நாள் தாண்டியது, பல் முளைத்தது, கோழியைத் துரத்தியது. குஸ்மான் ஒவ்வொரு வசந்தத்திலும் அவளைக் கண்டெடுத்த நாளன்று வருவார். ஒரு வருஷம் சிவப்புச் செருப்பு, ஒரு வருஷம் அந்த ஆட்டுக்குட்டி மணி. அவள் அவரை டாக்டரப்பா என்று கூப்பிட்டாள். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. டாக்டரே, இன்னைக்கு ரோட்டுல என்ன கிடைச்சுது என்று பார்த்தவரெல்லாம் கேட்டார்கள். கல்யாண வீட்டில், சாராயக் கடையில், மாட்டுக்கு ஊசி போடும்போது அதே கேள்வி. ஆறாவது வருஷம் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் க்லேனோவோவுக்குப் போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. புது வருஷத்துக்கு ஒரு அட்டை மட்டும் வரும். அதில் ஒரே வரி: 'நைதேனா நலமாக இருக்கட்டும். குஸ்மான்.'

கேலி தாங்காமல் ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் கேட்பது என்று கெர்கினா எல்லாரையும் திட்டினாள். அதிகமாகக் கேட்டவள் அவள்தான்.

நைதேனா வளர்ந்து பெயருக்கேற்ற வேலையெல்லாம் செய்தாள். ஊரில் சாவி தொலைந்தால், ஆடு தொலைந்தால், யாராவது வந்து அவள் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். கண்டெடுக்கப்பட்டவள் கண்ணுக்குத்தான் படும் என்று நம்பிக்கை. பாதி நேரம் பட்டது. மீதி நேரம் சாவி அவர்கள் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினெட்டு வயதில் பேருந்தில் கண்டக்டர் ஆனாள். சீட்டுக்கடியில் கிடக்கும் குடை, கண்ணாடி, ஒரு தடவை ஒரு பல் செட் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்து உரியவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுப்பாள். எந்தப் பொருள் யாருடையது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள் என்பது ஓட்டுநர் அசென் கட்டிவிட்ட கதை.

அசென் அதிகம் பேசமாட்டான். மூன்று வருஷம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினான். ஒரு சந்தை நாளில், கூட்டம் பிதுங்குகிற பேருந்தை ஆலைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பார்த்தே சொன்னான்: "நைதேனா, நீ என்னைக் கட்டிக்கிறியா இல்லையான்னு சொல்றவரைக்கும் இந்த வண்டி போகாது."

முதலில் பேசியது சாக்கில் பன்றிக்குட்டிகளோடு நின்ற ஒருவர்தான். "சீக்கிரம் சொல்லும்மா, சந்தை கலைஞ்சிடும். நல்ல பையன்தான், பிரேக் மெதுவாப் போடுவான்."

அவள் மணியை ஒரு தடவை ஆட்டினாள். அந்த வண்டியில் அதற்குப் 'போகலாம்' என்று அர்த்தம்.

கல்யாணம் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு என்று முடிவானது. அப்போதுதான் சிக்கல் வந்தது. பெயர் வைத்தவர்தான் கல்யாணத்திலும் பக்கத்தில் நிற்க வேண்டும். நகரத்துப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து அவருடையது, விருந்தில் முதல் கோப்பை அவருடையது. அவர் வராமல் மேளக்காரன் குச்சியைத் தொடமாட்டான். வேறு ஆளை நிறுத்துவதானால் அவரே வாய்திறந்து விட்டுக்கொடுக்க வேண்டும். நைதேனா க்லேனோவோவுக்குக் கடிதம் எழுதினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. நாலு வரி. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை, நல்ல ஆளாகப் பார்த்துக்கொள், முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன், நலமாக இரு.

எல்லாருக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. விட்டுக்கொடுத்தாயிற்று, இனி என்ன? கூட்டுறவுப் பண்ணைத் தலைவரைக் கேட்கலாம், அவரிடம் கார் இருக்கிறது என்று கெர்கினா சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாரும் தலையாட்டினார்கள். பெனா மட்டும் குனிந்து மிளகாய் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

நைதேனா மாட்டேன் என்றாள்.

"என்னடி இது, காரு வேண்டாங்கற?" என்றாள் கெர்கினா.

"என்னைக் கண்டெடுத்தவர் உயிரோட இருக்கார் அத்தை. அவரை விட்டுட்டு இன்னொருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டுப் போனா, நான் தொலைஞ்சுபோன மாதிரி இருக்கும்."

கடைசியில் ஒரு தவணை கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் குஸ்மான் சம்மதித்தால் குஸ்மான். இல்லாவிட்டால் கார்.

அவள் விடுமுறை நாளில் மலையைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி ரய்னா. பிள்ளை இல்லாத வீட்டின் பளபளப்பான தரை, சன்னலில் வரிசையாகப் பூந்தொட்டி. ரய்னா அவளை உட்காரவைத்து, ஒரு கரண்டி சீமை மாதுளைப் பாகும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து, அவர் ஆட்டுப்பட்டிக்குப் போயிருக்கிறார் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சன்னலுக்கு வெளியே ஒரு தொப்பி பின்வேலியின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. இரண்டு பேரும் பார்த்தார்கள். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

இரண்டாம் தடவை போனபோதும் தொப்பி வேலி தாண்டியது. இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக, ஏனென்றால் முந்தின தடவை முழங்கால் சுளுக்கியிருந்தது என்று ரய்னா சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது நைதேனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்மேல கோபம் இல்லம்மா அவருக்கு. உன் மூஞ்சில முழிக்க வெட்கப்படறார். ஏன்னு அவரேதான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது." பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத மாதிரி, "ஞாயித்துக்கிழமை விடியக்காலைல மலைமேல இருக்கற மேல்பட்டிக்கு ஆடு பார்க்கப் போவார். க்லேனோவோ நாற்சந்தி வழியாத்தான் போகணும். அங்க வேலி கிடையாது" என்றாள்.

கடைசி ஞாயிறு. அசென் தன் சித்தப்பாவின் வேனில் மூன்று பெண்களைக் க்லேனோவோ நாற்சந்தியில் இறக்கிவிட்டு, கீழே வளைவில் போய்க் காத்திருந்தான். நைதேனா தனியாக வருவதாகத்தான் இருந்தது. ஆனால் கெர்கினா, முறை தெரிந்தவள் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்று ஏறிக்கொண்டாள். பெனா ஏன் என்று சொல்லாமலே ஏறிக்கொண்டாள். கூடவே அந்த மாவுத்தொட்டியும் வந்தது. ஞானத்தகப்பனை அழைக்கப் போகும்போது எடுத்துப்போகிற பொரித்த கோழி, ரொட்டி, பூச்சுற்றிய மரக்குடுவையில் ஒயின் எல்லாம் அதில் இருந்தன.

"முதல்ல யார் வந்து உன்னைப் பார்க்கறாங்களோ அவங்கதான்" என்று கெர்கினா எச்சரித்தாள். "அப்புறம் மாத்த முடியாது. ஆள் பார்த்து உட்காரு." பெனாவை இழுத்துக்கொண்டு புதருக்குள் போனாள்.

எந்த ரோட்டில் எந்த வண்டி எப்போது போகும் என்பது நைதேனாவுக்கு மனப்பாடம். ஆனால் அதெல்லாம் க்ருஷோவ்கா பக்கத்து ரோடுகளில்தான். முதலில் குடைமிளகாய் மூட்டை ஏற்றிய ஒரு கழுதை வண்டி வந்தது. அவள் தொட்டியோடு புதருக்குள் பாய வேண்டியிருந்தது. கோழி உருண்டது. மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். அடுத்து ஆளே இல்லாமல் ஒரு வெள்ளாட்டு மந்தை வந்து அவளைச் சுற்றி நின்றது. முன்னால் வந்த கிடா ரொட்டியின் ஓரத்தைக் கடித்து மென்றது. இடையன் பின்னால் விசிலடித்துக்கொண்டே வருவது கேட்டு அவள் இரண்டாவது தடவையும் பாய்ந்தாள்.

"கிடா பார்த்துடுச்சே, அது கணக்குல வருமா?" என்று புதருக்குள் பெனா மெல்லக் கேட்டாள்.

"பேரு சொன்னாத்தான் கணக்கு" என்றாள் கெர்கினா.

மூன்றாவதாக ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. நைதேனா ஓடிப்போய் தொட்டிக்குள் உட்கார்ந்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது. கோழியை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதே மோட்டார் சைக்கிள். ஓட்டிவந்தவரின் தலை வெளுத்திருந்தது, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. நடுரோட்டில் மாவுத்தொட்டிக்குள் கோழியோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைக் கண்டு குஸ்மான் நின்றார். தொட்டியைப் பார்த்தார். அவள் பை வாரில் தொங்கிய மணியைப் பார்த்தார். இந்தத் தடவை வண்டியை அணைத்தார்.

"என்னைக் கண்டெடுக்கறீங்களா டாக்டரப்பா, இல்ல தாண்டிப் போயிடுவீங்களா?"

அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். கடிதத்தில்தான் எழுதிவிட்டேனே, விட்டுக்கொடுத்துவிட்டேனே என்றார். எனக்கு அது வேண்டாம், நீங்கள்தான் வேண்டும் என்றாள் அவள். கேலிக்குப் பயப்படுகிறார் என்றே அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், கெர்கினா அத்தையின் வாயை நானே தைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். பின்னால் புதர் அசைந்தது.

"கேலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "உங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே, வண்டிச் சத்தத்துல எனக்குக் காது கேக்கலைன்னு. எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுது."

நைதேனா கோழியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆலை வளைவுல கேட்டுது. ரெண்டு பொம்பளைங்க கத்திக்கிட்டு ஓடி வர்றாங்க. பிள்ளையோட ஆளுங்கன்னு தெரிஞ்சுது. நான் வண்டிய நிறுத்தல. வேகமா விட்டேன்." அவர் தொப்பியைப் பார்த்தே பேசினார். "எங்களுக்கு அப்பக் கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்ல. ரோட்டுல கிடந்துது, நான் எடுத்தேன், எனக்குத்தான்னு நினைச்சேன். வழியெல்லாம் உன்னை நைதேனான்னுதான் கூப்பிட்டுக்கிட்டே போனேன். எனக்குக் கிடைச்சவள்னு. பாலத்துக்கிட்ட ரோடு பிரியுதில்ல, இடது பக்கம் போனா என் வீடு, வலது பக்கம் நகரத்துப் போலீஸ் ஸ்டேஷன். அங்க ரொம்ப நேரம் நின்னேன்."

"அப்புறம் ஏன் வலது பக்கம் போனீங்க?"

"நீ அழுதே. தூக்கினேன். உன்மேல பால் வாசனை. தாய் தள்ளிவிட்ட குட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதானே என் தொழில். நீ அப்படி இல்ல. அப்பத்தான் பால் குடிச்சிருந்தே, நகம் வெட்டியிருந்துது, காதுக்குப் பின்னால எண்ணெய் தடவியிருந்துது. இப்படி ஒரு பிள்ளைய யாரும் தொலைக்க மாட்டாங்க." அவர் தொப்பியின் ஓரத்தைத் தடவினார். "திருப்பிக் கொடுத்தேன். ஆனா உங்க அம்மா என் கையப் பிடிச்சு நன்றி சொன்னா பாரு, வருஷா வருஷம் என் தட்டுல பெரிய துண்டாப் பார்த்து வச்சா பாரு, அதை என்னால முழுங்க முடியல. அஞ்சு வருஷம் முழுங்கிப் பார்த்தேன்."

காலை வெயில் தொட்டியின் ஓரத்தில் ஏறியிருந்தது. நைதேனா கோழியின் மேல் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். அதில் அவள் எப்போதும் ஒரு பொட்டலம் மாதிரிதான் இருந்தாள். வைத்தார்கள், எடுத்தார், கொண்டுபோனார், வாங்கி வந்தார்கள். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் ஒரு மனுஷன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"நான் என்னமோ வழியில கிடந்ததால எடுத்தீங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "ஆசைப்பட்டு எடுத்திருக்கீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, பேரச் சொல்லுங்க. அந்தப் புதர்ல ரெண்டு பேரு மூச்சு முட்டிக் கிடக்கறாங்க. நீங்க பேரு சொல்லாம அவங்க வெளிய வரமாட்டாங்க."

குஸ்மான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். புதரைப் பார்த்தார். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கும். எழுந்து வண்டியில் ஏறினால் இரண்டு நிமிஷத்தில் மலைவளைவு. நைதேனாவுக்கும் அது தெரிந்தது. அவள் மணியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். புதரில் ஒரு இலைகூட ஆடவில்லை. கெர்கினா அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

"நைதேனா" என்றார் குஸ்மான்.

முதலில் வந்தது பெனா. பாவாடையெல்லாம் முள். நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் டாக்டரே. ஆலை வளைவுல நீங்க திரும்பிப் பார்த்தீங்க. நானும் உங்களைப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா நன்றி சொன்னே?"

"நீங்க கொண்டுபோனதுக்கா சொன்னேன்? கொண்டுவந்ததுக்குச் சொன்னேன். மூணு பிள்ளையைக் கொண்டுபோனது எதுவும் திருப்பிக் கொடுக்கல. நீங்க ஒருத்தர்தான் கொடுத்தீங்க." அவர் சட்டைக் கையைப் பிடித்துக் கல்லிலிருந்து எழுப்பினாள். "இவ்வளவு நாள் வராம இருந்ததுக்குத்தான் எனக்குக் கோபம்."

பின்னாலேயே கெர்கினா, தலையில் இரண்டு சருகோடு வந்தாள். "இருபத்து மூணு வருஷமா சொல்றேன், முறைப்படி நடந்தா எல்லாம் சரியா நடக்கும்னு. யாரு கேட்டா? ஆமா டாக்டரே, இன்னைக்கு ரோட்டுல என்ன கிடைச்சுது?"

யாரும் அவள் வாயைத் தைக்கவில்லை. குஸ்மான் சிரிக்க ஆரம்பித்து, குடுவையை வாங்கி ஒரு வாய் குடித்தார். ஞானத்தகப்பன் சம்மதித்ததற்கு அதுதான் அடையாளம். பிறகு கிடா கடித்த பக்கமாகப் பார்த்து ரொட்டியைப் பிட்டார். மேல்பட்டியில் ஒரு ஆடு சினையாக இருக்கிறது, இரட்டைக் குட்டி போலத் தெரிகிறது, பார்த்துவிட்டுத்தான் வரமுடியும் என்றார். நாலு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். இரட்டைதான்.

அடுத்த ஞாயிறு க்ருஷோவ்காவில் கூட்டுறவுத் தலைவரின் கார் சும்மா நின்றது. குஸ்மான் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, கைப்பிடியில் துளசிக்கொத்து கட்டிக் கொண்டுவந்திருந்தார். மணப்பெண் வெள்ளை உடையைச் சுருட்டிக்கொண்டு பக்கவண்டியில் ஏறினாள். மணி அதன் முன்கம்பியில் தொங்கியது. பின்னால் அசென் கோட்டும் டையுமாகப் பேருந்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். தன் கல்யாணத்துக்குத் தானே ஊரை ஓட்டிக்கொண்டு போகப்போவதில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முன் இருக்கையில் ரய்னா. அவள் பக்கத்தில் கெர்கினா, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

குஸ்மான் வண்டியைக் கிளப்பப் போகும்போது பெனா வந்தாள். பேருந்தில் அவளுக்கென்று இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குஸ்மானுக்குப் பின்னால் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் கையை வைத்தாள்.

"இந்தத் தடவை நானும் வர்றேன்."

நாற்சந்தியைத் தாண்டினார்கள். ஆலை வளைவைத் தாண்டினார்கள். மேளமும் கிளாரினெட்டும் முழங்கப் பேருந்து பின்னாலேயே வந்தது. பாலத்தைக் கடந்து ரோடு பிரிகிற இடத்தில் குஸ்மான் வேகத்தைக் குறைத்தார். பழக்கம்தான். பெனா அவர் வலது தோளை இரண்டு தடவை தட்டினாள். அவர் வலது பக்கம் திருப்பினார்.